அண்ணன் தொட்டால் ஏறும் கோடு

அத்தியாயம் பதினொன்று

"பெற்ற ரத்தம் தன் தலைமகனை எமன் வாசலிலும் அடையாளம் கண்டுகொள்ளும்!"

இப்படி முழங்கியவர் சமூக மாமணி சிவநேசன். முழங்கிய இடம், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடித் தாழ்வாரம். முழங்கிய நேரம், சில்லறையை விழுங்கிவிட்டு மீலோ பானம் தர மறுத்த இயந்திரத்தின் வயிற்றில் அவர் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்த நேரம்.

இயந்திரம் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"கேட்டியா ஜெயா? நேத்து நான் காலைத் தொட்டதும் அப்பாவுக்குப் பிரஷர் ஏறிச்சு. முந்தாநேத்தும் ஏறிச்சு. நர்ஸ் மிஸ்ஸியே சொன்னிச்சு."

"கேட்டேண்ணே," என்றாள் தங்கை ஜெயலெட்சுமி.

"நீ தொட்டா?"

அவள் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. அண்ணனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

பித்தப்பையில் கிளம்பிய கிருமி ரத்தத்தில் இறங்கி, வீடு கட்டும் குத்தகையாளர் பிச்சைமுத்து குளியலறை வாசலில் சரிந்து விழுந்த இடத்தில் போன வாரம் நாம் பிரிந்தோம். ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவர்தான் இன்னும் முடிவு செய்யவில்லை, இங்கேயா அங்கேயா என்று. தொண்டையில் மூச்சுக் குழாய், உடம்பெல்லாம் தூக்க மருந்து. செபராங் ஜெயாவில் பாதித் தமிழர் வீடுகளுக்குச் சமையல்கட்டை நீட்டிக் கொடுத்த கைகள் இரண்டும் கட்டிலின் இருபுறமும் வெறுமனே கிடந்தன.

மனைவி போனதிலிருந்து அவரை வைத்துப் பார்த்துக்கொண்டவள் ஜெயலெட்சுமி. புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் வேலை முடித்து, கடல் பாலத்து வாகன ஜாமில் நின்று நின்று இந்தப் பக்கம் வந்து சேருவாள். அண்ணன் சிவநேசன் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பழக்கூடையோடும் ஒரு போட்டோக்காரரோடும் வருவார். விசேஷ வீடுகளுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். மாமணிப் பட்டத்தை அவர் தலைவராக இருக்கும் சங்கமே, அவருடைய கூடாரத்தில், அவருடைய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் கைதட்டலோடு அவருக்கு வழங்கியது.

அப்படிப்பட்டவரைத்தான் அப்பாவின் ரத்தம் தேடுகிறது. எட்டு வருஷம் ரசம் கரைத்து ஊட்டிய கையைத் தேடவில்லை.

---

உள்ளே போக ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. காலை முறை ஜெயலெட்சுமியுடையது. இன்று அவள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

அந்த வார்டில் பகல் கிடையாது. ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு அப்பால் கொம்தார் கோபுரத்தின் உச்சி மழையில் பாதி கரைந்து நின்றது. உள்ளே எந்நேரமும் ஒரே வெளிச்சம், ஒரே குளிர். மூச்சு இயந்திரம் நோயாளிகளுக்காகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் இமைகள் முழுதாக மூடவில்லை. இடுக்கில் தெரிந்த வெள்ளைக் கீற்று இவளையும் பார்க்கவில்லை, வேறெதையும் பார்க்கவில்லை.

தலைக்கு மேலே திரையில் சிவப்புக் கோடு ஓடியது. செங்குத்தாக ஏறி, உச்சியில் வளைந்து, இறங்கும் வழியில் ஒரு சின்னப் பள்ளத்தில் இடறி, பிறகு சரிந்தது. மறுபடி ஏறியது.

"அந்தப் பள்ளம் என்னா மிஸ்ஸி?"

"இதயத்துல கதவு சாத்துற எடம்கா," என்றாள் தாதி ஷர்மினி. நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்துப் பெண். இரண்டு கட்டில்களை ஒருத்தியாகப் பார்த்துக்கொள்பவள். "ரத்தத்த வெளிய தள்ளிட்டு ஒவ்வொரு வாட்டியும் கதவச் சாத்தும். அதான் அந்த எடறல். மணிக்கட்டு நாடிக்குள்ள ஒரு சின்னக் குழாய் வச்சிருக்கோம் பாருங்க, அதுல பூரா தண்ணி. அப்பாவோட துடிப்பு அந்தத் தண்ணி வழியா இந்தப் பெட்டிக்கு வருது. பெட்டி அதக் கோடாக்கிக் காட்டுது."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கம்பியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி கட்டியிருந்தது.

"ஏன் அந்த எடத்துல கட்டியிருக்கு?"

"நெஞ்சு மட்டம்கா. இதயம் எந்த உசரத்துல இருக்கோ அந்த உசரத்துலதான் பெட்டியும் இருக்கணும்."

ஜெயலெட்சுமி குனிந்து அப்பாவின் காதருகே போனாள். "அப்பா, நான் ஜெயா வந்திருக்கேன்."

கோடு ஏறியது, இடறியது, சரிந்தது. முன்பு எப்படியோ அப்படியே. ஓர் இம்மி கூட மாற்றமில்லை.

அப்பாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். நுனிகள் கத்தரிக்காய் நிறத்துக்குத் திரும்பியிருந்தன.

"இது நேத்து இவ்வளவு இல்லியே?"

"பிரஷரத் தூக்கிப் பிடிக்கிற மருந்துகா. உசுரப் பிடிச்சு வைக்கும், ஆனா வெரலுக்குப் போற ரத்தத்த நெரிச்சிரும். அதனால பிரஷர் நல்லா இருக்கிறப்பெல்லாம் மருந்தக் கொறைக்கச் சொல்லி டாக்டர் ஆர்டர். கொறைக்கிறோம். கொஞ்ச நேரத்துல மடமடன்னு எறங்கிருது. திரும்ப ஏத்துறோம்."

டாக்டர் கமால் வந்தபோது அதைத்தான் மலாயும் ஆங்கிலமும் கலந்து, மெல்ல, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மருந்தைக் குறைத்தபோதெல்லாம் உங்கள் அப்பா விழுந்துவிட்டார். இதயம் தானாகத் தாக்குப்பிடிக்கும் தெம்பை இழக்கிறதோ என்று பயப்படுகிறேன். இன்று சாயந்திரம் கடைசியாக ஒருமுறை குறைத்துப் பார்ப்போம். அப்போதும் விழுந்தால், நாளைக் காலை குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். மேலும் மேலும் மருந்து ஏற்றுவது அவருக்குச் செய்யும் நல்லதா என்று.

ஜெயலெட்சுமிக்குப் புரிந்தது. நாளைக் காலை பேச்சு என்றால் என்ன பேச்சு என்று அந்த வார்டில் எல்லாருக்கும் புரியும்.

டாக்டர் போனதும் ஷர்மினி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. மருந்தக் கொறைக்கிற எடம் எப்பவும் உங்க அண்ணன் வந்தப்பதான் கெடைக்குது. அவரு போனதும் அப்பா விழுந்துடுறாரு. நான் இந்த வேலைக்கு வந்து எவ்வளவோ பாத்துட்டேன். இது எனக்குப் பிடிக்கல."

"என்னா பிடிக்கல?"

"தெரியலக்கா. நேத்து மத்தியானம் மட்டும்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் மணியடிக்க, ஓடிவிட்டாள்.

---

மத்தியானம் மாமணியின் முறை.

வார்டு வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். டிரைவர் ராமு முழங்காலிட்டு உட்கார்ந்து தலைவரின் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான். தலைவர் மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, சிலைக்கு மாலை போடக் காத்திருப்பவர் போல ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுத்தார். அண்ணனின் பந்தாவில் இது ஒரு புதுப் பந்தா என்று ஜெயலெட்சுமி நினைத்துக்கொண்டாள்.

"கட்டில் திரையை மூடிடுங்க மிஸ்ஸி. பதிகம் பாடணும்," என்ற அவர் குரல் உள்ளிருந்து கேட்டது. வளையங்கள் கம்பியில் கரகரவென்று ஓடின.

வெளியே நாற்காலியில் ஜெயலெட்சுமிக்குப் பக்கத்தில் மிசஸ் ஊய் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கட்டில்காரரின் மனைவி. சௌராஸ்தா பாசாரில் தமிழர் கடைகளுக்கு நடுவில் ஜாதிக்காய் ஊறுகாய் விற்றே தலை நரைத்தவள். பாசார்த் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"உங்க அப்பா கத்துது, தெரியுமா?" என்றாள்.

"என்னாது?"

"நான் உள்ள இருக்கிறப்ப கேட்டேன் லா. உங்க அண்ணன் ஸ்கிரீன் மூடுது. அப்புறம் ம்ம்ம்ம்... இப்படி. ரொம்ப நேரம். அப்புறம் அண்ணன் போற நேரம் இன்னொரு தடவ, ம்ம்ம்ம்."

ஜெயலெட்சுமி அவள் பக்கம் திரும்பினாள். "வாயில குழாய் இருக்கே. சத்தம் வராதுன்னு மிஸ்ஸி சொன்னாங்களே."

"அதான் நானும் கேக்கிறது. பைப் இருக்கு. எப்படிக் கத்துது?"

இருவரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள்.

சிவநேசன் வெளியே வந்தபோது முகம் பூத்துக் கிடந்தது. "ஏறிச்சு! இருபது, இருபத்திரண்டு! மிஸ்ஸி மருந்தக் கூடக் கொறைச்சிட்டாங்க."

"அண்ணே, அப்பா முனகினாரா?"

மாமணி கொஞ்சம் யோசித்தார். மேடையில் எழுதி வைத்த பேச்சு முடிந்தபின்னும் கைதட்டல் நிற்காதபோது யோசிப்பாரே, அந்த யோசனை.

"கூப்பிட்டாரும்மா," என்றார். "பேரச் சொல்லி."

மிசஸ் ஊய் எழுந்து நின்றே விட்டாள். "தலைவர், எங்க ஆளு காலையும் ஒரு தடவ தொட்டுட்டுப் போ லா. போலே, முடியுமா?"

"அதுக்கெல்லாம் ரத்தச் சம்பந்தம் வேணும்மா," என்றார் மாமணி பெருந்தன்மையோடு. பிறகு ஜன்னலோரம் போய்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார்: "அன்பு உள்ளங்களே, மருத்துவ விஞ்ஞானம் கைவிரித்த இடத்தில்..."

அதை அவர் அனுப்பி முடிக்கவும் உள்ளே மணி அலறவும் சரியாக இருந்தது.

கண்ணாடி வழியாக ஜெயலெட்சுமி பார்த்தாள். சிவப்புக் கோடு தாழ்ந்து, அலை சிறுத்து, ஏறவா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஷர்மினி பம்பின் பொத்தான்களை அழுத்தினாள். நெடுநேரம் கழித்து அலை கொஞ்சம் நிமிர்ந்தது. கட்டிலின் ஓரத்தில் அப்பாவின் விரல்கள் இன்னும் கொஞ்சம் கறுத்தன.

"பாத்தியா?" என்றார் சிவநேசன் மெதுவாக. அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. "நான் இந்தப் பக்கம் வந்தேன், அங்க..."

ஜெயலெட்சுமி தன் ரோஷத்தை எல்லாம் திரட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, நீங்க போகாதீங்க. நீங்க இருந்தா அப்பா இருக்காரு. ராத்திரி முழுக்க உள்ளயே இருங்க, நான் டாக்டர்கிட்ட கெஞ்சிக் கேக்கிறேன். எனக்கு உள்ள போக முறை வேணாம். எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க."

மாமணியின் கண்கள் கலங்கின. உண்மையாகவே கலங்கின. தங்கையின் தலையில் கைவைத்தார்.

"இருந்துடுவேன்மா. ஆனா ஏழு மணிக்குச் சங்கத்து நிர்வாகக் கூட்டம் இருக்கு. நான் போகலேன்னா அந்தத் திருநாவுக்கரசு என் தலைவர் நாற்காலில உக்காந்துடுவான்."

---

சாயந்திரம் மழை வலுத்தது. பாலத்தில் விபத்து, கூட்டம் எட்டு மணிக்குத் தள்ளிப் போனது என்று செய்தி வந்ததால் அப்பாவுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

"கடைசித் தடவைகா," என்றாள் ஷர்மினி. "இன்னிக்கு மட்டும் கவுண்டர் பக்கம் நின்னுக்குங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

திரை மூடியது. உள்ளே மாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பதிகத்தின் முதலடி மட்டும் வந்தது. இரண்டாமடி அவருக்கு எப்போதும் வராது.

கவுண்டரில் இருந்த திரையில் அப்பாவின் கோடு தனியாக ஓடியது. தொண்ணூற்றாறுக்கு ஐம்பத்திரண்டு. ஜெயலெட்சுமி கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

ம்ம்ம்ம்ம்...

தாழ்ந்த, நீண்ட, சுருதி மாறாத முனகல். மூச்சு விடாத ஒரு தொண்டையிலிருந்து வருவது போல. அடுத்த கட்டிலருகே மிசஸ் ஊய் தன் புருஷனின் போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கோடு ஏறியது. நூற்றைந்து. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு.

"பாருங்க," என்று கிசுகிசுத்தாள் ஷர்மினி. அவள் கை மருந்தைக் குறைக்கப் போகத் தயாராக மேசையிலிருந்து எழுந்தது.

அதே நேரம், அப்பாவின் இன்னொரு கையில் சுற்றியிருந்த பட்டை, மணிக்கொரு முறை தானாக இறுகுவது, இறுகித் தளர்ந்தது. சிவப்புக்குக் கீழே வெள்ளை எழுத்தில் அது தன் கணக்கைக் காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு ஐம்பத்துமூன்று.

"மிஸ்ஸி... ஒரே ஒடம்புக்கு ரெண்டு பிரஷரா?"

ஷர்மினி நின்றாள். சிவப்பைப் பார்த்தாள். வெள்ளையைப் பார்த்தாள். மறுபடி சிவப்பைப் பார்த்தாள்.

ஜெயலெட்சுமி கோட்டின் உருவத்தைப் பார்த்தாள். காலையில் பார்த்த அதே ஏற்றம், அதே வளைவு, அதே பள்ளம், அதே வேகம். துடிப்பு கூடவில்லை. அலை பெரிதாகவும் இல்லை. முழுக்கோட்டையும் யாரோ இரண்டு கையால் அப்படியே அலுங்காமல் தூக்கி மேல்தட்டில் வைத்தது போல இருந்தது.

"ஐயோ!" என்றாள் மிசஸ் ஊய்.

அவள் கை நீட்டிய பக்கம் ஜெயலெட்சுமி திரும்பினாள்.

திரைக்குப் பின்னால் அப்பாவின் தலைமாட்டு விளக்கு எரிந்தது. துணியில் அவருடைய நிழல் படுத்திருந்தது. மூக்கு, நெற்றி, போர்வைக்குள் வயிறு, கால் கட்டைவிரல்கள். அந்த நிழல் அசையாமல், மடங்காமல், படுத்தவாக்கிலேயே மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. முனகல் அதோடு சேர்ந்து எழும்பியது. அதன் கால்மாட்டில் இரண்டு கைகளைக் குவித்து ஒரு பெரிய நிழல் நின்றது.

மிசஸ் ஊய் தன் சாமிகள் எல்லாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். பார்க்கப் பார்க்க அப்பா இந்த உலகத்திலிருந்து ஒரு முழம் உயர்ந்துவிட்டார்.

ஜெயலெட்சுமிக்கு ஓடத் தோன்றியது. ஓடினாள். ஆனால் கதவுப் பக்கம் அல்ல, திரைப் பக்கம். எடுத்துக்கொண்டு போவது யாராக இருந்தாலும் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவது என்று, இரண்டு கையாலும் திரையைப் பிடித்து இழுத்தாள்.

கட்டில் மேலே வந்திருந்தது.

அப்பாவின் பாதங்கள் மாமணியின் தொப்பைக்குச் சரியாக மேலே, நெஞ்சுக்கு நேராக இருந்தன. மாமணி ஒரு கையால் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறு கையால் கைப்பேசியை உயரப் பிடித்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் இருந்த மேல்நோக்கிய அம்புக்குறிப் பொத்தானை அவர் முழங்கை அழுத்திக்கொண்டிருந்தது. முனகியது கட்டிலின் மோட்டார்.

"திரையை ஏன் திறந்தே?" என்றார்.

ஜெயலெட்சுமி அவரைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்தாள். தீப்பெட்டி அளவுப் பெட்டி காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பாதான் அதைவிட்டு உயர்ந்து போயிருந்தார். மணிக்கட்டிலிருந்து வந்த தண்ணீர்க் குழாய் இப்போது மேலிருந்து கீழே இறங்கியது.

சின்ன வயதில் சனிக்கிழமைகளில் அவளும் அப்பாவோடு வேலைக்குப் போவாள். சுவருக்கு மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள வேண்டும். கை வலித்து முனையை இறக்கிவிட்டால் தண்ணீர் அவள் பக்கம் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த அறையிலிருந்து அப்பா கத்துவார்: "ஜெயா, கைய அசைக்காதடா, வீடு சாஞ்சுரும்!"

"மிஸ்ஸி, பெட்டி கீழ இருக்கு. அப்பா மேல இருக்காரு. அந்த உசரத்துத் தண்ணியும் பெட்டிய அழுத்துதா?"

ஷர்மினி வந்து கீழ்நோக்கிய பொத்தானை அழுத்தினாள். ம்ம்ம்ம் என்றது. பிச்சைமுத்து மறுபடி பூமிக்கு வந்தார். பெட்டிக்கும் நெஞ்சுக்கும் அவள் மட்டம் பார்த்தாள். சிவப்பு எண் இறங்கி, வெள்ளை எண்ணுக்குப் பக்கத்தில் வந்து சாதுவாக உட்கார்ந்தது. தொண்ணூற்றாறு.

"அப்படின்னா ஒவ்வொரு வாட்டியும்..." என்றாள் ஷர்மினி. "ஏறாத பிரஷர ஏறிச்சுன்னு நம்பி நான் மருந்தக் கொறைச்சிருக்கேன். திரை மூடியிருந்ததால கட்டில் ஏறுனது தெரியல. நானும் எட்டிப் பாக்கல. பாத்திருக்கணும்."

---

டாக்டர் கமால் வந்து, கேட்டு, கட்டிலைத் தானே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு, நாளைக் காலைப் பேச்சு ரத்து என்றார். உங்கள் அப்பா விழவில்லை. அவர் கால் ஊன்றும் முன்பே நாம்தான் கைத்தடியை உருவியிருக்கிறோம். இனி மெதுவாக, இரண்டு எண்ணையும் பார்த்துக் குறைப்போம்.

ஜெயலெட்சுமி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அதில் ஒரு சின்ன அற்ப சந்தோஷமும் கலந்திருந்ததை அவள் மறைக்கப் பார்த்தாள். அப்பாவின் ரத்தம் அண்ணனையும் தேடவில்லை.

"ஐயா, கட்டிலை எதற்கு ஏற்றினீர்கள்?" என்று டாக்டர் கேட்டதை ஷர்மினி தமிழில் கேட்டாள்.

சிவநேசன் நிமிர்ந்தார். சால்வை இல்லாத தோளில் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"டாக்டர், எங்கள் பண்பாட்டில் தந்தையின் திருவடி தாழ்ந்த இடத்தில் இருக்கலாகாது. அது மைந்தனின் நெஞ்சுக்கு நேராக, நெஞ்சோடு நெஞ்சாக..."

"இனிமே கட்டில யாரும் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு," என்றாள் ஷர்மினி.

"எங்கப்பா காலத் தொட எனக்கு உரிமை இல்லியா?"

"தொடுங்க தலைவரே. கட்டில் இருக்கிற உசரத்துலயே தொடுங்க."

மாமணி கட்டிலைப் பார்த்தார். அது இடுப்புக்கும் கீழே வெகு ஆழத்தில் இருந்தது. பிறகு தொடுகிறேன் என்றார்.

ஷர்மினி திரையில் பழைய கோடுகளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். "இது, இது, இது... எல்லாம் கட்டில் ஏறுனது. கோடு மாறாம அப்படியே தூக்கியிருக்கு." சட்டென்று நிறுத்தினாள். "ஆனா இது இல்ல."

"எது?"

"நேத்து மத்தியானம். காலையில சொல்ல வந்தேனே அக்கா, இதான். பாருங்க, அலையே பெருசாகியிருக்கு. துடிப்பு வேகமாகியிருக்கு. பட்டையும் அதே கணக்கச் சொல்லுது. கட்டில் அசையல, நான் பக்கத்துலயேதான் நின்னேன். இது நெசமாவே ஏறியிருக்கு."

நேற்று மத்தியானம் ஜெயலெட்சுமி வேலையில் இருந்தாள். அண்ணன் அன்று சாயந்திரம்தான் வந்தார்.

"யாரு இருந்தா அப்ப?"

"ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். சொந்தம்னு சொன்னாங்க. தொடல, அழல, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. தலைமாட்டுல வந்து சும்மா நின்னாங்க. நின்னதும் அப்பாவுக்குக் கண்ணோரத்துல தண்ணி வழிஞ்சிச்சு, கோடு இப்படி ஏறிச்சு. அவங்க போனப்புறமும் ரொம்ப நேரம் எறங்கல."

"பேரு கேட்டீங்களா?"

"கேட்டேனே. துளசின்னாங்க."

அப்படி ஒரு பெயர் ஜெயலெட்சுமியின் சொந்தத்தில் எந்தப் பக்கமும் இல்லை. "அண்ணே, துளசின்னு நமக்கு யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சிவநேசன். சொல்லும்போதே கைப்பேசி அவர் கையிலிருந்து நழுவி, தரையில் மல்லாந்து விழுந்து, டாக்டரின் கால்மாட்டுக்குச் சறுக்கிப் போய் நின்றது.

நின்ற இடத்தில் அது அதிர ஆரம்பித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள். முகப்பில் வெளிச்சமாக, பெரிய எழுத்தில், ஒரு பெயர்.

துளசி.

நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். இல்லை, மூன்று பேர். மாமணி கையை நீட்டினார். கை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பிடித்து நீட்டினார். கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. அவர் வாசல் பக்கம் திரும்பி, "ராமு!" என்றார். ராமு கீழே நிறுத்தியிருந்த காடியில் இருந்தான்.

சிவநேசனால் குனிய முடியாது.